முப்பது வயதுக்கு மேல் ஆம்புலன்ஸ் வேலையா?

கணக்கெழுதும் வேலையிலோ மருந்துக் கம்பெனியிலோ இருக்கும் ஒருவர் 34 வயதில், "நான் ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராகப் போகிறேன்" என்று வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும் என்று நமக்குத் தெரியும். "ஸ்ட்ரெச்சர் தூக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்பார் அப்பா. "குழந்தைங்க ஆனப்புறம் இதெல்லாம் தேவையா மாப்ளே?" என்பார் மாமனார். இரண்டு கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான். ஆம்புலன்ஸ் வேலை என்பது ஆளைத் தூக்கி வண்டியில் ஏற்றி, சைரன் போட்டு, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும் வேலை. வேறு வேலை கிடைக்காத இளவட்டங்கள் கொஞ்ச காலம் பார்த்துவிட்டு விலகும் வேலை. இந்த எண்ணம் தவறு. அதோடு, அது உயிர்களையும் பலி கொள்கிறது.

இதயம் நின்றுபோனால் 4 முதல் 6 நிமிடத்துக்குள் மூளை சேதமடையத் தொடங்கிவிடும். எந்த வண்டியும் எந்தச் சாலையிலும் அந்த நேரத்துக்குள் ஆளை ஆஸ்பத்திரியில் சேர்க்க முடியாது. விழுந்த இடத்திலேயே ஒருவர் மண்டியிட்டு, நெஞ்சின் நடுவில் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். நெஞ்சழுத்தமும் கொடுக்காமல், மின்னதிர்ச்சிக் கருவியும் வராமல் கழிகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகிறது. பைபாஸ் சாலையில் அடிபட்டு நினைவிழந்து கிடப்பவருக்கு நாக்கு பின்னால் சரிந்து மூச்சு அடைபடும். கழுத்தை அசைக்காமல் தாடையை மட்டும் முன்னே தள்ளி மூச்சுக்கு வழி திறந்துவிடத் தெரிந்த கை வேண்டும். பாதி வழியில் பிரசவம் ஆகிக் குழந்தை அழவில்லை என்றால், துடைத்து, சூடு கொடுத்து, அப்படியும் மூச்சு வராவிட்டால் முகமூடிப் பையால் ஊதி அதன் நுரையீரலை விரியவைக்க வேண்டும். அதே நேரம் தாய்க்கு ரத்தம் எவ்வளவு போகிறது என்பதிலும் ஒரு கண் இருக்க வேண்டும். பாம்பு கடித்த வீட்டில் கயிறு தேடி ஓடுபவர்களை நிறுத்தி, இறுக்கிக் கட்டக் கூடாது, காலை அசைக்காமல் வைத்தால் போதும் என்று சொல்ல வேண்டும். அவர்கள் கேட்கும்படி சொல்ல வேண்டும். மருத்துவர் பக்கத்தில் இல்லாமல், ஓடும் வண்டிக்குள், ஒரே ஒருவர் செய்யும் சிகிச்சை இது. இதைச் சுமை தூக்குவது என்று சொல்பவர்கள் வண்டியின் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்தவர்கள்.

இந்தத் தொழில் பிறந்த கதையையும் சொல்ல வேண்டும். 1960களின் அமெரிக்காவில் ஏறக்குறைய பாதி ஆம்புலன்ஸ்களை ஓட்டியவை சவ அடக்க நிறுவனங்கள். ஆளைப் படுக்கவைக்கும் நீளத்தில் வண்டி அவர்களிடம்தான் இருந்தது. பிட்ஸ்பர்க் நகரத்திலோ போலீஸ் வேன்தான் ஆம்புலன்ஸ். 1966 நவம்பரில் அந்நகரின் முன்னாள் மேயர் டேவிட் லாரன்ஸ் கூட்டத்தில் மயங்கி விழுந்தார். போலீஸ் வேனில் கொண்டுபோனார்கள். வழியில் முறையான சிகிச்சை இல்லை. மூளை பாதிக்கப்பட்டு, சில நாட்களில் இறந்தார். அவருக்கு மருத்துவம் பார்த்த பீட்டர் சஃபார், இன்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கப்படும் சிபிஆர் (நெஞ்சழுத்தமும் செயற்கை மூச்சும்) முறையை உருவாக்கியவர்களில் ஒருவர். அதே ஆண்டில்தான் தன் மகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்து சேருமுன்பே சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதில் அவர் உறுதியானார். ஏறக்குறைய 300 மணி நேரப் பயிற்சி ஒன்றை வகுத்தார்.

அந்தப் பயிற்சிக்கு வந்தவர்கள் யார்? ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பினப் பகுதியில் வேலையில்லாமல் இருந்தவர்கள், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள், எந்த வேலைக்கும் லாயக்கில்லை என்று ஊர் ஒதுக்கிவைத்தவர்கள். 1967இல் தொடங்கிய ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை அவர்களுடையது. பாராமெடிக்குகள், அதாவது ஆம்புலன்ஸிலேயே சிகிச்சை தரும் பணியாளர்கள், அமெரிக்காவில் முதலில் உருவானபோது அவர்களில் இவர்களும் சேர்த்தி. ஆஸ்பத்திரியில் ஆர்டர்லியாக இருந்த ஜான் மூன் அவர்களைப் பார்த்து அந்த வேலைக்கு மாறினார். பிற்பாடு நகரத்தின் அவசர மருத்துவப் பிரிவில் துணைத் தலைவர் பதவிவரை உயர்ந்தார். மயாமியிலும் சியாட்டிலிலும் தீயணைப்பு வீரர்களுக்குத்தான் இந்தப் பயிற்சியைக் கொடுத்தார்கள். பாராமெடிக் என்ற தொழிலின் முதல் தலைமுறை முழுவதுமே வேறு எங்கிருந்தோ வந்து சேர்ந்தவர்கள். வேறொரு பிழைப்பில் இருந்தவர் இதற்கு ஒத்துவரமாட்டார் என்பவர்களுக்கு இந்த வரலாறே பதில். (1975இல் நகர நிர்வாகம் அந்தச் சேவையை மூடிவிட்டுத் தன் சொந்தச் சேவையைத் தொடங்கியதும், பழையவர்களில் பலர் அதில் நிலைக்க முடியாமல் போனதும் தனியாக எழுத வேண்டிய அநியாயம்.)

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2008 செப்டம்பரில் 108 சேவை இங்கே தொடங்கியது. நர்ஸிங் படித்தவர்கள் மட்டுமா அதில் சேர்ந்தார்கள்? விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் பட்டதாரிகளையும் லேப் டெக்னீஷியன்களையும் எடுத்து, ஏறக்குறைய 50 நாள் பயிற்சி கொடுத்து வண்டியில் ஏற்றினார்கள். வேறு கனவோடு கல்லூரிக்குப் போனவர்கள்தான் இன்று நம் கிராமங்களில் தொப்புள்கொடி வெட்டுகிறார்கள். ஆனால் ஆள்சேர்ப்பு அறிவிப்பைப் பாருங்கள்: மருத்துவ உதவியாளருக்கு 19 முதல் 30 வயது, ஓட்டுநருக்கு 24 முதல் 35 வயது. ராத்திரியில் நெடுஞ்சாலையில் வண்டியை விரட்ட 35 வயதுக் கண்ணும் கையும் போதும் என்றால், பின்னால் உட்கார்ந்து நாடி பார்க்க 31 வயதுக்காரர் எப்படித் தகுதியிழப்பார்? இந்த 30க்கு எந்த மருத்துவக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. வீட்டுத் திண்ணையில் பேசப்படும் அந்தப் பழைய எண்ணம்தான் இங்கே விதியாக அச்சேறியிருக்கிறது.

உடம்பு தாங்குமா என்பது நியாயமான கேள்வி. 12 மணி நேர ஷிப்ட், தூக்கமில்லாத இரவுகள், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியிலிருந்து கனத்த ஆளை இறக்குவது எல்லாம் முதுகையும் முழங்காலையும் வாங்கிவிடும். ஆனால் அது ஆளுக்கு ஆள் வேறுபடும். 25 வயதில் முடியாதவரும் உண்டு, 40இல் முடிகிறவரும் உண்டு. மறுபக்கம், பத்து வருடம் கடையிலோ பள்ளிக்கூடத்திலோ பட்டறையிலோ மனிதர்களோடு மல்லுக்கட்டியவருக்குக் கைவரும் சில விஷயங்களை எந்த வகுப்பறையும் 50 நாளில் தராது. விபத்து நடந்த இடத்தில் கொதிக்கும் கூட்டத்தை விலக்கிவிடுவது, குடித்துவிட்டுச் சண்டைக்கு வரும் அண்ணனைப் பேசி உட்காரவைப்பது, "அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கும் பிள்ளைக்குப் பொய் சொல்லாமல் பதில் சொல்வது எல்லாம் பட்டுத் தேர்ந்தவர்களுக்கே எளிதாக வரும்.

சம்பளம்தான் உண்மையான தடை, அதை மறைக்க வேண்டியதில்லை. குடும்பஸ்தர் ஒருவர் இருக்கும் வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தால் வீட்டுச் செலவு இடிக்கும். ஆனால் அந்தச் சம்பளம் ஏன் அப்படி இருக்கிறது? இது தூக்கிப்போடும் வேலை, இன்று ஒருவர் போனால் நாளை இன்னொரு பையன் வருவான் என்று நாம் நினைப்பதால்தான். நான்கைந்து வருடத்தில் கை பழகியவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களோடு அனுபவமும் போய்விடுகிறது. 2021இல் வந்த தேசியத் துணை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டம் பாராமெடிக்கைத் தன் தொழில் பட்டியலில் சேர்த்துவிட்டது. அவசர சிகிச்சைக்கென்றே பட்டப்படிப்பும் நம் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இனி ஊதிய விகிதமும் பதவி உயர்வும் அந்தத் தகுதிக்கு ஏற்ப அமைய வேண்டும். அறிவிப்பிலிருக்கும் 30 என்ற எண்ணையும் எடுத்துவிடுங்கள். வருகிறவரிடம், வயது எதுவாக இருந்தாலும், ஸ்ட்ரெச்சரை மூன்று மாடி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்; இரண்டு நிமிடம் ஆழம் குறையாமல் நெஞ்சை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். செய்து காட்டுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள்.