மன்னர் மாளிகையும் மாநகர சபையும்



சென்ற மாதம் எங்கள் தையல் நிலையத்தில் பழைய காலத்துக் கதைகள் பேசிக்கொண்டிருந்தோம். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்த ஒப்பந்தமும், நம் வீதிகளால் போய்வந்த கண்காணிப்புக் குழு வாகனங்களும், நோர்வே என்ற நாட்டின் பெயரும் பேச்சில் வந்தன. ஒரு ராத்தா கேட்டார்: "அந்த நாட்டை ராசாதானே ஆளுறார்? ராசா ஆளுற ஊர்க்காரர் நமக்கு ஜனநாயகம் சொல்ல வந்தது எப்படி?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது நல்ல கேள்வி. அதற்கான பதிலில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

நோர்வேயின் சனத்தொகை நமது நாட்டின் சனத்தொகையில் நான்கில் ஒரு பங்கு அளவுதான். அங்கு மன்னர் இருக்கிறார். 1991 இல் அரியணை ஏறியவர் ஐந்தாம் ஹரால்ட். 1814 இல் எழுதப்பட்ட அரசியலமைப்பு நிறைவேற்று அதிகாரம் மன்னருக்குரியது என்றே சொல்கிறது. நடைமுறையில் அந்த அதிகாரத்தைப் பிரதமரும் அமைச்சர்களுமே பயன்படுத்துகிறார்கள். 169 பேர் கொண்ட பாராளுமன்றத்தின் பெரும்பான்மை எதிர்த்தால் அரசாங்கம் பதவி விலக வேண்டும். நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் தேர்தல். இடையில் பாராளுமன்றத்தைக் கலைக்க மன்னராலும் முடியாது, பிரதமராலும் முடியாது. மன்னர் கையொப்பமிடுவார், ஆட்சி செய்யமாட்டார். நாமும் 1948 இல் சுதந்திரம் பெற்ற பின்னர், 1972 இல் குடியரசாகும் வரை, பிரித்தானிய முடியின் பெயரில்தான் ஆளப்பட்டோம் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

இந்த ஆட்சிமுறைக்குள் அந்நாட்டுப் பெண்கள் எப்படி நுழைந்தார்கள்? 1905 இல் சுவீடனிலிருந்து பிரிவதா என்று மக்கள் தீர்ப்பு நடந்தபோது பெண்களுக்கு வாக்கில்லை. அவர்கள் வீட்டில் முடங்கவில்லை. ஊர் ஊராகச் சென்று இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான பெண்களின் கையொப்பங்களைத் திரட்டித் தங்கள் விருப்பத்தையும் தெரிவித்தார்கள். 1913 இல் எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆனாலும் சபைகளில் ஆண்களே நிறைந்திருந்தார்கள்.

1971 இல் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. வாக்குச் சீட்டில் உள்ள பெயரை வெட்டவும் வேறு பெயரைச் சேர்க்கவும் அங்கு வாக்காளருக்கு உரிமை இருந்தது. பெண்கள் கூடிப் பேசி அந்த உரிமையைப் பயன்படுத்தினார்கள். ஒஸ்லோ, துரொண்ட்ஹைம், அஸ்கர் ஆகிய மூன்று ஊர்ச் சபைகளில் பெண்கள் பெரும்பான்மையானார்கள். 1983 இல் தொழிற்கட்சி தனது பட்டியல்களிலும் பதவிகளிலும் இருபாலாரில் எவரும் நூற்றுக்கு 40 வீதத்துக்குக் குறையக்கூடாது என்று விதி வகுத்தது. 1986 இல் குரோ ஹார்லம் புருண்ட்லாண்ட் அம்மையார் அமைத்த அமைச்சரவையில் 18 பேரில் 8 பேர் பெண்கள். மன்னரின் மூத்த பிள்ளை பெண்ணானாலும் அரியணைக்கு உரியவர் என்ற திருத்தம் 1990 இல்தான் வந்தது. அரண்மனைக் கதவு திறக்கும் முன்பே ஊர்ச் சபையின் கதவைப் பெண்கள் திறந்துவிட்டார்கள்.

இப்போது நம் பக்கம் பார்ப்போம். நம் நாட்டுப் பெண்கள் 1931 இலேயே வாக்களித்தவர்கள். 1960 இல் உலகின் முதலாவது பெண் பிரதமர் இங்குதான் பதவியேற்றார். நோர்வேக்கு அது 1981 இல்தான் வாய்த்தது. நமது அம்பாறை மாவட்டத்திலிருந்து பேரியல் அஷ்ரப் 2000 ஆம் ஆண்டு பாராளுமன்றம் சென்று அமைச்சரானார். இருந்தும் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இருவர் அளவிலேயே நெடுங்காலம் இருந்தார்கள். உச்சியில் ஒரு பெண் அமர்வதால் மட்டும் கீழே வழி திறப்பதில்லை. பெயர்ப் பட்டியலில் இடம் இருக்க வேண்டும்.

2003 இல் சமாதானப் பேச்சுக் காலத்திலும் இதைக் கண்டோம். அரசு தரப்பில் ஐந்து பெண்களும் புலிகள் தரப்பில் ஐந்து பெண்களும் கொண்ட துணைக்குழு அமைந்தது. நோர்வேப் பெண்மணி ஒருவர் அனுசரணை செய்தார். அதன் வேலை ஆலோசனை சொல்வது மட்டுமே. அவ்வாண்டு ஏப்ரலில் பேச்சுக்கள் நின்றதும் அதுவும் நின்றது. தாய்மார் பட்ட துயரம் முடிவெடுக்கும் மேசைக்குப் போய்ச் சேரவில்லை.

2016 இல் வந்த சட்டத்தின்படி உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும். 2018 பெப்ரவரித் தேர்தலில் இதன் பயன் தெரிந்தது. ஆனால் வட்டாரங்களில் போட்டியிடப் பெண்களுக்குக் கொடுத்த இடம் குறைவு. பெரும்பாலானோர் மேலதிகப் பட்டியல் வழியாகவே சபைக்குள் வந்தார்கள். 2025 மே 6 ஆம் திகதி நாடெங்கும் சபைத் தேர்தல் நடந்தபோது, வழக்கு காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு மட்டும் தேர்தல் நடக்கவில்லை.

விதவையின் வீட்டு வாசலில் தேங்கும் வடிகான் நீரும், இரவில் எரியாத தெருவிளக்கும், சந்தையில் கிடைக்காத கடை அறையும் கொழும்பில் தீர்மானிக்கப்படுபவை அல்ல. சபையில் தீர்மானிக்கப்படுபவை. ஆகவே தேர்தல் அறிவிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். முதலில் உங்கள் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா என்று கிராம சேவகரிடம் கேளுங்கள். இடம்பெயர்ந்தும், கணவரை இழந்தும் வீடு மாறிய பலரின் பெயர் விடுபட்டிருக்கக்கூடும். அடுத்து, நம் வட்டாரத்தில் நிற்கத் தகுந்த பெண் யார் என்று உங்கள் சங்கத்தில் பேசுங்கள். பட்டியல் எழுதும் கட்சிக்காரர் வீட்டுக்கு வரும்போது அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

ராத்தாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ஊசியில் நூலைக் கோத்தபடி அவர் சொன்னார்: "அப்ப, ராசா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. பேர் எழுதுற எடத்துல நாம இருக்கணும்."

அவர் இவ்வளவு காலமும் வாக்களித்து வந்தவர். அவரது பெயரை யாரும் ஒரு பட்டியலில் கேட்டதில்லை. உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவர் யாரென்று யோசியுங்கள்.