பாயசமும் படுக்கைப் புண்ணும்

முதியோர் இல்லம் என்றதும் நம் பேச்சாளர் ஒரே பல்லவியைத் தொடங்கிவிடுகின்றனர்: பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகள் நன்றி கெட்டவர்கள்! சென்ற ஆண்டு எமது பாடசாலைப் பேச்சுப் போட்டியிலும் முதற்பரிசு இப்பல்லவிக்கே கிடைத்தது. தீர்ப்பளித்தவருள் நானும் ஒருவன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பின்னர் மாணவர் சிலரோடு வடபகுதி இல்லமொன்றுக்குச் சென்றேன். அன்று கனடாவில் வாழும் ஒருவருடைய தந்தையின் நினைவு நாள். வடை, பாயசத்தோடு மதிய உணவு. பரிமாறுவோரைப் படமெடுக்க இருவர். நீரிழிவு நோயாளர் இலையிலும் பாயசம் ஊற்றப்பட்டது, தடுக்க ஆளில்லை. பின்னறையில், பாரிசவாதத்தால் படுத்துவிட்ட மூதாட்டி ஒருவர் நனைந்த சேலையோடு கிடந்தார். இடுப்பிலே புண் என்றார் பணிப்பெண். எழ இயலாதவரை 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறையேனும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது தாதியர் பயிற்சியின் அரிச்சுவடி. ஆனால் அங்கே 32 பேருக்கு இரவில் ஒரே பணிப்பெண். அவரைக் குறைகூற எனக்கு நா எழவில்லை.

இதற்கும் நன்றிக்கும் என்ன தொடர்பு? பிள்ளை பக்கத்து வீட்டிலே இருந்தாலும் அந்தப் புண்ணைத் தடுக்கப் பயிற்சி பெற்ற கைகள் வேண்டும். ‘அந்தக் காலத்தில் இப்படியா?’ என்போர், அந்தக் காலத்தில் கிழவனாரைக் கழுவித் துடைத்த மருமகளுக்கு யார் கூலி கொடுத்தார் என்பதையும் சொல்லட்டும்.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்கவே இயற்றப்பட்டது. தம்மைப் பேண இயலாத முதியவர் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கோரலாம். இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். நல்லது. ஆயினும் பதிவுச் சான்றிதழ் நள்ளிரவில் எழுந்து நோயாளியைப் புரட்டிவிடாது! 2012 குடிசனமதிப்பீட்டிலேயே நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அறுபதைக் கடந்திருந்தனர். அவர்களைப் பேணும் வேலையை முறையான சம்பளமும் பயிற்சியும் உள்ள தொழிலாக்கி, அச்செலவை அரசு ஏற்க வேண்டும் என்று கேளாமல், உரிமையைத் தருமமாக்கி உண்டியல் குலுக்குகிறோம். தருமவான்கள் மண்டபம் கட்டுவர். கல்வெட்டில் பெயர் பொறிப்பர். பணிப்பெண்ணின் மாதச் சம்பளத்தில் எவருடைய பெயரைப் பொறிப்பது?

விடைபெறுகையில் பொறுப்பாளரிடம், இரவுக்கு இன்னொருவரை அமர்த்தினால் என்ன என்று கேட்டேன்.

“சாப்பாட்டுக்கு அடுத்த மூண்டு மாசத்துக்கும் ஆக்கள் நாள் எழுதிப்போட்டினம், மாஸ்டர். சம்பளத்துக்கெண்டா ஒருத்தரும் தரமாட்டினம்” என்றார்.