அரியர் வைத்துவிட்டு எல்லைக்குப் போனவனைக் கல்லூரி மறந்துவிடலாமா?

இளம்பிள்ளையில் எந்தத் தெருவில் நின்றாலும் தறிச் சத்தம் கேட்கும். கடைகளில் சேலை எடுக்க வரும் கூட்டம் ஒரு பக்கம். அதே சேலைகளை போனில் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் விற்கும் இளைஞர்கள் இன்னொரு பக்கம். இங்கிருந்து சேலத்துக்குக் கல்லூரி பஸ் ஏறும் பையன்களில் சிலர் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் வகுப்பில் காணாமல் போவார்கள். விசாரித்தால், "அவன் ஆர்மிக்குப் போயிட்டான்" என்று பதில் வரும்.

அப்படி ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்வோம். 2022 ஜூனில் பி.காம் சேர்கிறான். விடியற்காலையில் கிரவுண்டில் 1,600 மீட்டர் ஓட்டப் பயிற்சி, பிறகு குளித்துவிட்டு காலேஜ். சேலம், நாமக்கல் பையன்களுக்கு கோவை ஆள்சேர்ப்பு அலுவலகம்தான். அங்கே நடந்த தேர்வில் அக்னிவீரராகத் தேறி, 2023 கடைசியில் பயிற்சிக்கு ரயில் ஏறிவிடுகிறான். கையில் இரண்டு அரியர். கல்லூரி ரெஜிஸ்டரில் அவன் பெயருக்கு நேராக ஒரே ஒரு சொல்: டிஸ்கன்டினியூட்.

கல்லூரியைப் பொறுத்தவரை கதை அத்துடன் முடிந்தது. கிளாஸ் குரூப்பில் முடியவில்லை.

பஹல்காமில் 2025 ஏப்ரல் 22 அன்று 26 பேர் கொல்லப்பட்டார்கள். மே 7 அதிகாலை ஆபரேஷன் சிந்தூர் தொடங்கியது. மே 10 மாலை சண்டை நிறுத்தம் அறிவிக்கப்படும்வரை, பட்டாளத்தில் நண்பன் இருக்கும் எல்லா குரூப்பிலும் ஒரே கேள்விதான் ஓடியிருக்கும்: "மச்சி, எங்கடா இருக்க?" பதில் வராது. ஒற்றை டிக்கிலேயே நிற்கும். வரவும் கூடாது என்பது வேறு விஷயம். ராணுவத்தின் நடமாட்டத்தை நேரலையில் காட்ட வேண்டாம் என்று ஏப்ரல் 26 அன்றே ஊடகங்களுக்கு மத்திய அரசு அறிவுறுத்தியிருந்தது. அதற்கும் முன்பே, 2020 ஜூலையில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை போனில் இருந்து நீக்கச் சொல்லி ராணுவம் தன் வீரர்களுக்கு உத்தரவு போட்டது. 'எங்கே இருக்கிறாய்' என்பது நண்பனுக்குப் பாசம், எதிராளிக்குத் தகவல். 'சாப்பிட்டியாடா, வீட்டுக்கு ஏதாவது சொல்லணுமா' என்று கேட்பதே போதும்.

ஆக, நண்பர்கள் தங்களுக்குத் தெரிந்த வகையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மறுமுனையில் கல்லூரி எங்கே?

இறந்த பிறகு வரும் பெருமை

கல்லூரிகளுக்கு ராணுவத்தின் மீது மரியாதை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் இதழியல் படித்த மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியானில் உயிரிழந்தார். அவருக்கு அறிவிக்கப்பட்ட அசோக சக்ராவை 2015 குடியரசு தினத்தில் மனைவி இந்து பெற்றுக்கொண்டார். 2024-ல் 'அமரன்' வந்தபோது தாம்பரம் வளாகமும் அந்தக் காதல் கதையும் மறுபடி பேசப்பட்டன. ஊடகப் படிப்பு மாணவர்களுக்கு அதில் தனிப் பெருமை. தங்கள் படிப்பைப் படித்த ஒருவர் மைக்கைப் பிடிக்காமல் துப்பாக்கியைப் பிடித்தார் என்று.

ஆனால் முகுந்த் பட்டத்தோடு ராணுவத்துக்குப் போனவர். அவரைப் போன வழியில் அதிகாரியாகச் சேர பட்டம் வேண்டும். சிப்பாய் நிலையில் சேர்பவர்கள் பலர் பட்டத்துக்கு முன்பே போய்விடுகிறார்கள். அவர்கள் உயிரோடு, நல்லபடியாக, வேலை முடிந்து திரும்பி வந்தால் கல்லூரிக்கு அவர்கள் யார்? முன்னாள் மாணவர் சங்கத்தில் சேரலாமா என்பதே சந்தேகம். சிலைக்கும் பேனருக்கும் இடம் இருக்கிறது. அரியர் எழுத வருகிறவனுக்கு இடம் இல்லையென்றால் அந்த மரியாதைக்கு என்ன அர்த்தம்?

கணக்குப் போட்டால் உதைக்கிறது

அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது 2022 ஜூனில். அறிவித்தபோது வயது வரம்பு 17½ முதல் 21. அதாவது சரியாகக் கல்லூரி வயது. சேவை நான்கு ஆண்டு. அதிகபட்சம் 25 சதவீதம் பேர் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மீதிப் பேர் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியுடன் வீடு திரும்புவார்கள். முதல் அணி பயிற்சிக்குப் போனது 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும். அப்படியானால் 2026 இறுதியில் இருந்து ஒவ்வோர் ஊருக்கும் இந்தப் பையன்கள் வந்து இறங்குவார்கள்.

இப்போது பல்கலைக்கழக விதி. ஒரு மாணவர் படிப்புக் காலத்துக்கு மேல் இரண்டு ஆண்டுக்குள் அரியரை முடிக்க வேண்டும், விதிவிலக்கான சூழலில் மேலும் ஓராண்டு தரலாம் என்பது யுஜிசி 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். மூன்று ஆண்டு டிகிரிக்கு ஐந்து ஆண்டு, கெஞ்சினால் ஆறு. (பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் நடைமுறை மாறும், ஸ்பெஷல் சான்ஸ் தேர்வெல்லாம் உண்டு.)

2022 ஜூனில் சேர்ந்த நம் இளம்பிள்ளைப் பையனுக்கு ஐந்து ஆண்டு 2027 ஜூனில் முடிகிறது. அவன் சேவை முடிந்து வருவது 2027 கடைசியில். விதிவிலக்கு ஓராண்டு கிடைத்தாலும் அவனுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு ஏப்ரல் தேர்வு. அதற்குள் இரண்டு அரியர், விட்டுப்போன ஒன்றரை ஆண்டு வகுப்பு. நடக்கிற காரியமா?

'லீவில் வந்து எழுதலாமே' என்று கேட்கலாம். அக்னிவீரருக்கு ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. அது எப்போது கிடைக்கும் என்பதை முடிவு செய்வது யூனிட். நவம்பர், ஏப்ரலில் செமஸ்டர் தேர்வு வருகிறது என்பதற்காக எல்லை காத்திருக்காது. மே 2025 போல ஒன்று வந்துவிட்டால் லீவே ரத்து.

பட்டம் அவ்வளவு முக்கியமா என்றால், திரும்பி வருகிறவனுக்கு மிக முக்கியம். டிகிரி இல்லாமல் போலீஸ் எஸ்.ஐ. தேர்வு எழுத முடியாது, டிஎன்பிஎஸ்சி குரூப் 2 எழுத முடியாது. 11 லட்சத்தில் இரண்டு தறி வாங்கிப் போடலாம்தான். அது அவன் விரும்பித் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும், வேறு கதவு எல்லாம் சாத்திவிட்டதால் அல்ல.

அக்னிவீரர்களுக்காக இக்னோ வழியாக ஒரு பட்டப்படிப்பை மத்திய அரசு 2022-லேயே அறிவித்தது. ராணுவப் பயிற்சிக்கே 50 சதவீத கிரெடிட் தருவது நல்ல யோசனை. ஆனால் அது புதிதாக இன்னொரு இடத்தில் தொடங்குவது. சேலத்தில் ஃபீஸ் கட்டிப் படித்த மூன்று செமஸ்டருக்கும், அந்தப் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆசிரியர்களுக்கும் அதில் பங்கில்லை.

"கல்யாணமாகி நின்னுபோன பொண்ணும் இருக்கா, தறிக்குப் போன பையனும் இருக்கான். இவனுக்கு மட்டும் என்ன தனி ரூல்?" என்று கேட்கும் பேராசிரியர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்கும் கதவைத் திறந்தே வைக்க வேண்டும். இவன் விஷயத்தில் உள்ள வித்தியாசம், அவன் திரும்பும் தேதியை அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது என்பதுதான். நான்கு ஆண்டு என்று ஒரு அரசு உத்தரவு சொல்லும்போது, அந்த நான்கு ஆண்டை ஐந்து ஆண்டுக் கணக்கில் சேர்க்காமல் இருக்க இன்னொரு உத்தரவு போதும்.

உலகத்தில் இதெல்லாம் புதிதும் அல்ல. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917-லேயே கனடா, இங்கிலாந்தில் இருந்த தன் சிப்பாய்களுக்கு 'காக்கி பல்கலைக்கழகம்' தொடங்கியது. சுமார் 50,000 பேர் சேர்ந்தார்கள். உக்ரைனில் 2022-ல் கயிறு வேறு மாதிரி இழுக்கப்பட்டது. உஷ்ஹொரோட் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபெதிர் ஷாண்டோர் பதுங்குகுழியில் உட்கார்ந்து, போனைக் கையில் பிடித்தபடி தன் மாணவர்களுக்கு ஆன்லைன் வகுப்பு எடுத்தார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கச் சுற்றியது. போர்முனையில் இருந்து பாடம் நடத்தவே முடிகிறது. ராஜஸ்தான் முகாமில் உள்ள ஒருவன், பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு கல்லூரியில் உட்கார்ந்து சேலத்து பி.காம் அரியர் எழுத முடியாதா?

இதற்குப் பெரிய பட்ஜெட் எதுவும் தேவையில்லை. ரெஜிஸ்டரில் 'டிஸ்கன்டினியூட்' என்பதற்குப் பதிலாக 'ராணுவ சேவையில்' என்று ஒரு பதிவு. என்சிசி அதிகாரியாக இருக்கும் ஆசிரியரே தொடர்புக்கு இருக்கலாம், பல கல்லூரிகளில் அவர் ஏற்கெனவே இருக்கிறார். ராணுவத்தில் சேர ஒரிஜினல் சான்றிதழ் கேட்டு வரும் பையனிடம் மீதி வருட ஃபீஸைக் கட்டச் சொல்லாமல் இருப்பது. சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே சொல்லிவிட்டது.

சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்குக்கும் பெரியார் பல்கலைக்கழகம்தான். அங்கே ஒரு தீர்மானம் போட்டால் நான்கு மாவட்டப் பையன்களுக்கும் சேர்ந்தே வழி பிறக்கும். முதல் அணி வந்து இறங்கும் 2026 இறுதிக்குள் போட்டால், 2027 ஏப்ரல் தேர்வுக்கு அவர்கள் ஃபீஸ் கட்டலாம்.