மிதிவண்டி ஏற்றிய மகிழுந்தும் நமது பொறுப்பும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் செந்தூல் வட்டாரத்தில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். ஞாயிறு விடியலில் மகிழுந்தின் பின்புறம் இரண்டு மூன்று மிதிவண்டிகளைக் கட்டிக்கொண்டு குடும்பங்கள் புறப்படும். சிலர் தித்திவங்சா ஏரிப் பூங்காவுக்கு, சிலர் புத்ராஜெயாவுக்கு. கணினியையும் கைப்பேசியையும் விட்டுப் பிள்ளைகள் வெளியே வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், அந்த மிதிவண்டிகளை நாம் எப்படிக் கட்டுகிறோம்?

இதைக் கேட்கும் தகுதி எனக்கு ஒரு தவற்றினால்தான் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் என் பிள்ளைகளோடு புத்ராஜெயாவுக்குச் சென்றுகொண்டிருந்தேன். வார்ப்பட்டையால் மாட்டும் மலிவான தாங்கியில் இரண்டு மிதிவண்டிகள். இடம் போதாமல் மூன்றாவதை ராபியா கயிற்றால் கட்டியிருந்தேன். நெடுஞ்சாலையில் ஒரு மோட்டார் சைக்கிளோட்டி பக்கத்தில் வந்து விடாமல் ஒலியெழுப்பினார். சினத்தோடுதான் ஓரமாக நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் சின்னவனின் மிதிவண்டி ஒற்றை முடிச்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கொஞ்சம் விட்டிருந்தா என் மேலதான் விழுந்திருக்கும்" என்றார் அந்த இளைஞர். வேறொன்றும் சொல்லவில்லை. போய்விட்டார். வகுப்பில் சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் நான் அன்று என் பிள்ளைகள் முன் தலைகுனிந்து நின்றேன்.

நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறப்பவர்களுள் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். நம் மகிழுந்திலிருந்து விழும் பொருள் முதலில் அவர்களைத்தான் தாக்கும். அப்படிப் பின்னால் வருபவர் நம் மாணவன் ஒருவனின் தந்தையாகவும் இருக்கலாம் அல்லவா?

சட்டத்தைப் பார்ப்போம். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி வாகனத்தின் பதிவு எண் தெளிவாகத் தெரிய வேண்டும். பின்விளக்கு, நிறுத்த விளக்கு, திரும்பு விளக்கு ஆகியவையும் மறையக் கூடாது. சிறிய மகிழுந்துகள் பலவற்றில் எண் பட்டை பின்கதவின் நடுவில் இருக்கிறது. அங்கே மிதிவண்டியைத் தொங்கவிட்டால் பட்டை மறைந்துவிடும். "ஒரு நாள்தானே" என்பது சட்டத்தின் முன் செல்லாது. பின்னால் வருபவருக்கு நாம் தடை பிடிப்பதும் திரும்புவதும் தெரியாமல் போனால் அபராதத்தைவிடப் பெரிய இழப்பு நேரும்.

சரி, உள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் பின் இருக்கையை மடக்கி, மிதிவண்டியைத் திணித்து, பிள்ளையை மடியில் அமர்த்துகிறார்கள். இது இன்னும் கொடுமை. பின் இருக்கையிலும் வார்ப்பட்டை அணிவது 2009ஆம் ஆண்டு முதல் கட்டாயம். சிறு குழந்தைகளுக்குத் தனி இருக்கை 2020ஆம் ஆண்டு முதல் கட்டாயம். திடீரென்று தடை பிடித்தால் கட்டாத மிதிவண்டி முன்னால் பாய்ந்து வரும். பின்கதவைத் திறந்தபடி கயிற்றால் கட்டி ஓட்டுவோரும் உண்டு. புகைக்குழாயிலிருந்து வரும் நச்சு வளி அந்த வழியாக உள்ளே நுழையும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கூரையில் ஏற்றினால் எண் பட்டையும் விளக்குகளும் மறைவதில்லை. ஆனால் உயரம் இரண்டரை மீட்டரை எட்டிவிடும். பேரங்காடியின் அடித்தள நிறுத்துமிடத்தில் நுழையும்போது அதை மறந்தவர்கள் மிதிவண்டியையும் கூரையையும் ஒருசேர இழப்பார்கள். கூரை தாங்கும் எடைக்கும் வரம்பு உண்டு. அது மகிழுந்தின் கையேட்டில் இருக்கும். தாங்கியின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நான் இப்போது கடைப்பிடிப்பவை இவை:

1. என் வாகனத்திற்குப் பொருந்துமா என்று கேட்டே தாங்கியை வாங்குவேன். நெகிழிப் பகுதியில் கொக்கி மாட்டினால் அது உடையும்.
2. ராபியா கயிறு கூடாது. பூட்டுள்ள வார்ப்பட்டையால் ஒவ்வொரு மிதிவண்டியையும் தனித்தனியாக, இரண்டு மூன்று இடங்களில் கட்டுவேன்.
3. தண்ணீர்ப் புட்டி, காற்றடிக்கும் குழாய் போன்றவற்றைக் கழற்றி உள்ளே வைப்பேன். சக்கரம் புகைக்குழாய்க்கு அருகில் இருந்தால் வெப்பத்தில் உருகும்.
4. புறப்பட்டுப் பத்து நிமிடத்தில் நிறுத்தி, கட்டுகளை மீண்டும் இழுத்துப் பார்ப்பேன்.
5. 110 கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்பட்ட சாலையிலும் 80ஐத் தாண்ட மாட்டேன். 80இல் இருந்து 110க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு விசை ஏறக்குறைய இரு மடங்காகும்.

நல்ல தாங்கி விலை கூடுதல்தான். எல்லாப் பெற்றோராலும் வாங்க இயலாது. அப்படியானால் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பயன்படுத்தலாம். அல்லது சென்ற இடத்தில் மிதிவண்டியை வாடகைக்கு எடுக்கலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களில் மிதிவண்டித் தாங்கிக்கென்றே கூடுதல் எண் பட்டை வழங்குகிறார்கள். நம் நாட்டிலும் அப்படித் தெளிவான ஓர் ஏற்பாடு வந்தால் சட்டத்தை மதிக்க விரும்புவோருக்கு உதவியாக இருக்கும்.

எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. செந்தூல் இரயில் பட்டறையில் நம் முன்னோர் வேலை செய்த காலத்தில் மிதிவண்டியே ஏழை உழைப்பாளியின் வாகனம். இன்று அருகிலுள்ள தித்திவங்சாவுக்குக்கூடப் பிள்ளையை மிதிவண்டியில் அனுப்ப அஞ்சி, அதை மகிழுந்தில் ஏற்றிச் செல்கிறோம். பாதுகாப்பான மிதிவண்டிப் பாதை கேட்டுக் குரல் கொடுப்பதும் நம் கடமைதான்.

அதுவரை, பெற்றோர்களே, ஆசிரியர்களே, அடுத்த ஞாயிறு புறப்படும் முன் கட்டுகளைப் பிள்ளைகளையே ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். பாடநூலில் படிப்பதைவிட அதில் அவர்கள் கற்பது அதிகம்.