ஆக்சிலேட்டர் மிதிச்சா வண்டி கேக்கலையா? பம்ப்பைக் கழட்டாதீங்க!

போடிநாயக்கனூரை விட்டு முந்தல் தாண்டினால் மலை ஆரம்பம். அங்கிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். மூணாறு போகிற சுற்றுலாக்காரர்களுக்கு அது போட்டோ எடுக்கிற இடம். ஏலத்தோட்டங்களுக்கு அரிசியும் உரமும் ஏற்றிப் போகும் லாரி டிரைவருக்கு? வளைவில் பாதி திரும்பியிருக்கும்போது மிதித்த மிதிக்கு இன்ஜின் ரேஸ் ஆகவில்லை என்றால் பின்னால் பஸ், அதற்கும் பின்னால் தோட்டத்து ஜீப்புகள். கிளீனர் குதித்து ஓடிப்போய் டயருக்குக் கல் வைக்க வேண்டியதுதான்.

பழைய லாரியில் பெடலுக்கும் டீசல் பம்ப்புக்கும் நடுவே ஒரு கேபிளோ கம்பியோதான். அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். அதையே கயிறு கட்டி ஓட்டி ஊர் வந்து சேர்ந்தவர்கள் உண்டு. இப்போது அந்தக் கம்பி இல்லை. 2017 ஏப்ரலில் பிஎஸ் 4, 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்று நாடு முழுக்க விதிகள் வந்ததோடு எலெக்ட்ரானிக் பெடல் பரவலாகிவிட்டது. பெடலில் இருக்கும் சென்சார், எவ்வளவு மிதித்தோம் என்பதை வோல்ட் கணக்கில் ஈசியூவுக்குச் சொல்லும். எவ்வளவு டீசல் விடுவது என்று முடிவு செய்வது ஈசியூ. சென்சாருக்குள் ஒன்றுக்கு இரண்டு சிக்னல். பெரும்பாலும் ஒன்று மற்றதில் பாதியாக இருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஈசியூ பெடலை நம்பாது. விளக்கைப் போட்டுவிட்டு இன்ஜினை நொண்ட விட்டுவிடும். மிதிக்காமலே வண்டி சீறிப் பாய்வதற்கு இது எவ்வளவோ மேல். ஆகவே சென்சார் வந்ததே தப்பு என்று புலம்புவதில் அர்த்தம் இல்லை.

தப்பு அதற்கப்புறம் நடப்பதில்தான்.

"ஏத்தத்துல இழுக்கல" என்றதும் பில்டர் மாறும், பம்ப் இறங்கும், நாசில் டெஸ்டுக்குப் போகும். ஆனால் இதைப் பிரித்துப் பார்க்க பைசா செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ரேஸ் கொடுத்துப் பார்ப்பது! பில்டர் அடைப்பு என்றால் பெரும்பாலும் சும்மா நிற்கும்போது நன்றாகவே ரேஸ் ஆகும், லோடில்தான் திணறும். பெடல் சென்சார் கோளாறு என்றால் நிற்கும்போதும் மிதிக்குப் பதில் இருக்காது.

அடுத்தது மல்டிமீட்டர். சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல், சென்சாருக்கு 5 வோல்ட் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாம். பிறகு பெடலை மெதுவாக அழுத்தினால் இரண்டு சிக்னலும் குதிக்காமல் சீராக ஏற வேண்டும். அழுத்திப் பிடித்தபடியே இன்னொருவர் வயரை ஆட்டிப் பார்க்க வேண்டும். அப்போது ஊசி துள்ளினால் குற்றவாளி சென்சார் இல்லை, வயர்! மழையும் பனியும் அடிக்கிற மலையில் கனெக்டருக்குள் பச்சை பூத்துக் கிடப்பது அதிசயமா என்ன? ஸ்கேனரில் பி2138 என்று வந்தாலும் இதே கதைதான். "இரண்டு சிக்னலும் ஒத்துப்போகவில்லை" என்பது மட்டும்தான் அதன் பொருள். "சென்சாரை மாற்று" என்று அது சொல்லவில்லை. (இரண்டு சிக்னல் வயரையும் ஒன்றாக முறுக்கி ஏமாற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரையே டிரைவர் சீட்டில் உட்கார வைக்கவும் :-) )

சென்சாரே போயிருந்தால் பல வண்டிகளில் முழுப் பெடலையும்தான் வாங்க வேண்டும். சில வண்டிகளில் புதுப் பெடலை ஸ்கேனர் வைத்து ஈசியூவுக்குப் பழக்கவும் வேண்டும். ரோட்டோர மெக்கானிக் இங்கேதான் வெளியே நிற்கிறார். அவருக்கு மூளை இல்லாமல் இல்லை, சாவி கொடுக்கப்படவில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022-ல் மத்திய நுகர்வோர் துறை 'பழுது நீக்கும் உரிமை' பற்றி ஒரு குழு போட்டது, அதில் வாகனங்களும் உண்டு. ஆனால் குழு போட்டால் லாரி மலை ஏறிவிடாது.

ஒற்றை லாரி வைத்திருப்பவரின் கணக்கைப் பாருங்கள். வண்டி நின்ற நாளில் வாடகை இல்லை, ஆனால் தவணை உண்டு, டிரைவர் பேட்டா உண்டு. தேவையில்லாமல் மாற்றிய பம்ப் வேலையும் அவர் தலையில்தான். கணக்குப் புத்தகத்தில் 'பராமரிப்புச் செலவு' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அதில் பாதி, பழுதே பார்க்காமல் செய்த பராமரிப்பு என்று எழுத எந்தப் புத்தகத்திலும் இடம் இல்லை.

போடியிலேயே 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் மெக்கானிக்குகளை அழைத்து, ஒரு பழைய பெடல், ஒரு மல்டிமீட்டர், ஒரு ஸ்கேனரோடு உட்கார வைக்க என்ன செலவாகிவிடும்? மாணவர்களுக்கும் லாபம்தான். இன்ஜின் சத்தத்தை வைத்தே பாதி நோயைச் சொல்லும் வித்தை அந்த மெக்கானிக்குகளிடம்தான் இருக்கிறது, சிலபஸில் இல்லை.