திரும்பி வரும் துணிவு



களம்பூரிலிருந்து போளூரைக் கடந்து பர்வதமலை ஏறச் செல்லும் நம் இளைஞருக்கு ஒரு சொல். மலை ஏறத்தாழ 4,500 அடி உயரம். செங்குத்தான பாறைகளில் இரும்புச் சங்கிலியைப் பற்றியே ஏற வேண்டும்.

2025 ஆகஸ்டில், மழையில் அம்மலையிலிருந்து இறங்கிய இரு பெண்களைக் காட்டோடை வெள்ளம் அடித்துச் சென்றது, இருவரும் உயிரிழந்தனர். மேலே பெய்யும் மழை சிறிது நேரத்தில் கீழே ஓடையைப் பெருக்கிவிடும். ஏறுகையில் கணுக்காலை நனைத்த நீர், இறங்குகையில் ஆளையே இழுத்துச் செல்லும். இடி முழங்குகையில் இரும்புச் சங்கிலியும் துணையன்று.

ஆகவே, மேகம் கறுத்ததுமே திரும்புவோம். வெள்ளம் முந்திக்கொண்டால், அது வடியும்வரை மேட்டில் காத்திருப்போம். “இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே” என்னும் எண்ணத்திற்கு இடங்கொடோம். மலையை மறுமுறை ஏறலாம். வாசலில் விழித்திருக்கும் தாய்க்கு நாம் வீடு திரும்புவதே பெரிது.