விசுவாசத்தினின்று வீழ்ந்தவர்கள்

கடைசி நாட்களைப் பற்றிய பேச்சு நம் குடும்பங்களில் அவ்வப்போது தலைதூக்குவதுண்டு. எங்கோ ஒரு போர், எங்கோ ஒரு நிலநடுக்கம், ஊரெங்கும் ஒரு கொள்ளைநோய் என்றவுடனே, எழுதியிருக்கிறபடியே எல்லாம் நடக்கிறதென்று பெரியோர் பெருமூச்சு விடுவர். அடுத்து வருவது பெயர்ப் பட்டியல். இன்னார் மகன் வெளிநாடு சென்றபின் பூசைக்குப் போவதே இல்லையாம். இன்னார் குடும்பம் திருவிழாக் கணக்கில் ஏற்பட்ட மனத்தாங்கலால் கோயில் பக்கமே வருவதில்லையாம். இன்னார் மகள் கலப்பு மணம் செய்துகொண்டு ஞானஸ்நானத்தையே மறந்துவிட்டாளாம். கடைசிக் காலத்திற்கு வேறென்ன அடையாளம் வேண்டும் என்று பேச்சு முடியும். பெயர் சொல்லப்பட்டவரின் தாயார் அதே அறையில் அமர்ந்திருப்பதும் உண்டு.

இப்பேச்சுக்கு மறைநூல் ஆதாரம் இல்லாமலில்லை. ஆண்டவருடைய நாள் வருமுன் விசுவாச மறுதலிப்பு நேரிடும் எனப் புனித பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் (2:3) எச்சரிக்கிறார். அங்கே அவர் வழங்கும் ‘அப்போஸ்தாசியா’ என்னும் கிரேக்கச் சொல், ஒருவன் தன் அரசனுக்கோ தன் அணிக்கோ இருந்த கடமையை உதறிவிட்டு விலகுவதைக் குறிப்பதாகும். பலருடைய அன்பு தணிந்துபோகும் என்று ஆண்டவரே மத்தேயு 24 ஆம் அதிகாரத்தில் கூறியிருக்கிறார். 1992 ஆம் ஆண்டு வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 675 ஆம் எண்ணில், கிறிஸ்துவின் இரண்டாம் வருகைக்கு முன் பல விசுவாசிகளை அசைக்கும் இறுதிச் சோதனை ஒன்றைத் திருச்சபை கடந்தாக வேண்டும் எனப் போதிக்கிறது. ஆகவே இதனை வெறும் கிழவிப் பேச்சென்று தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை. ஆயினும், இத்தகைய சோதனை ஒன்றைத் திருச்சபை தன் இளம் பருவத்திலேயே சந்தித்துவிட்டது என்பதைப் பலர் அறியார். அதனை இம்மாதம் சற்று விரிவாகவே நோக்குவோம்.

கி.பி. 249 இல் உரோமைப் பேரரசின் சிங்காசனம் ஏறியவன் தெசியுஸ். எல்லைகளில் பகைவரும் உள்நாட்டில் குழப்பமும் மிகுந்திருந்த அக்காலத்தில், பேரரசின் குடிகள் அனைவரும் பழைய தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று அவன் கட்டளை பிறப்பித்தான். கட்டளையின் மூல வாசகம் கிடைக்கவில்லை. எனினும் அது நடைமுறையில் எப்படி இருந்தது என்பது நன்கு தெரியும். குறித்த நாளில், குறித்த அதிகாரிகள் முன்னிலையில் பலியிட்டு, பானப்பலி ஊற்றி, பலிப்பொருளைச் சுவைத்துக் காட்ட வேண்டும். காட்டியவருக்கு ஒரு சான்றிதழ் வழங்கப்படும். மறுத்தவருக்குச் சிறை, சித்திரவதை, நாடு கடத்தல், சொத்துப் பறிமுதல், சில வேளை மரணம். உரோமையில் திருத்தந்தை பபியான் 250 ஜனவரி 20 இல் மறைசாட்சியாக உயிர்நீத்தார். அடுத்த திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்க ஓராண்டுக்கு மேல் இயலவில்லை.

அச்சான்றிதழ்களுள் நாற்பதுக்கு மேற்பட்டவை எகிப்து நாட்டு மணலினின்று, நாணற்புல் தாள்களில் எழுதிய வண்ணமே, நம் காலத்திற்கு வந்து சேர்ந்துள்ளன. பெரும்பாலும் 250 ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதத்தவை. இக்காலத்து அலுவலக விண்ணப்பம்போலவே இருக்கின்றன! இன்ன ஊரில் வசிக்கும் இன்னார் மகன் இன்னான், வயது இவ்வளவு, அங்க அடையாளம் இன்னது. எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டேன், சான்றளிக்கக் கோருகிறேன் என்பது வாசகம். 72 வயதுள்ள ஒரு முதியவர், வலது புருவத்தில் வடுவுள்ளவர், அப்படி ஒன்றைப் பெற்றிருக்கிறார். முதலைத் தெய்வத்தின் கோயிற் பூசாரிப் பெண்மணி ஒருத்தியும் விண்ணப்பித்துப் பெற்றிருக்கிறாள். அவள் தெய்வங்களை வணங்குகிறவள் என்பதில் எவருக்கு ஐயம் இருந்திருக்குமோ, தெரியவில்லை. சட்டம் என்றால் அப்படித்தான்.

வட ஆப்பிரிக்காவின் தலைநகரான கார்த்தேஜில் நடந்ததை, அந்நகரின் ஆயரான புனித சிப்ரியான் 251 இல் எழுதிய ‘வீழ்ந்தவர்கள்’ என்னும் நூலில் கண்ணீரோடு விவரிக்கிறார். காவலர் வந்து பிடிக்குமுன்னே கிறிஸ்தவர்கள் தாமாகவே பலிபீடம் இருந்த குன்றை நோக்கி ஓடினார்களாம். மாலைப்பொழுது நெருங்கிவிட்டதால், நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோது, இன்றே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார்களாம். கைக்குழந்தைகளையும் தூக்கிச் சென்று பலிப்பொருளைத் தொடச்செய்தார்களாம். அலெக்சாந்திரியாவில் சிலர் முகம் வெளுத்து நடுநடுங்கிப் பலிபீடத்தை அணுகியதைக் கண்டு, பலியிட வந்தவர்களா பலியாக வந்தவர்களா என எண்ணும்படி இருந்தது என்று அந்நகர் ஆயர் புனித தியோனிசியுஸ் எழுதுகிறார். ஸ்மிர்னாவில் ஆயரே மறுதலித்தார்.

ஏன் இப்படி நேர்ந்தது? சிப்ரியான் அரசனைக் குறைகூறுவதோடு நிற்கவில்லை. நெடுங்காலச் சமாதானமே விசுவாசத்தைத் துருப்பிடிக்கச் செய்தது என்பது அவர் கணிப்பு. எல்லாரும் சொத்துச் சேர்ப்பதிலேயே குறியாயிருந்தனர்; ஆயர்களிலும் சிலர் மந்தையை விட்டுவிட்டு வெளியூர்ச் சந்தைகளில் இலாபம் தேடினர், வட்டிக்கு விட்டுப் பெருக்கினர். சோதனை வந்தபோது, உடைமைகளே பலருக்குக் கால்விலங்காயின. ஓடிப்போக வழி இருந்தது. ஆனால் வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு ஓட மனம் வரவில்லை. கொடுமை வந்து விசுவாசத்தைப் பறித்தது என்று நாம் எண்ணுகிறோம். பறிபோக வேண்டியதில் பெரும்பகுதி அதற்கு முன்னரே, ஒருவரும் கவனியாத நல்ல காலத்திலேயே, போய்விட்டிருந்தது.

வீழ்ந்தவர்கள் எல்லாரையும் அவர் ஒரே கூடையில் போடவில்லை என்பதே நம் குடும்பங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. பலியிட்டவர்கள், தூபம் மட்டும் போட்டவர்கள், ஒன்றும் செய்யாமல் பணம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் பெற்றவர்கள் என வகை உண்டு. வகைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. அழைத்தவுடன் ஓடிப்போய்ப் பலியிட்டவனும், நெடுநேரம் போராடி வேதனை தாளாமல் கைநீட்டியவனும் ஒன்றல்ல. மனைவி மக்களையும் வீட்டார் அனைவரையும் இழுத்துச் சென்று வீழ்த்தியவன் ஒருவன். தான் ஒருவன் மட்டும் அந்த இழிவைச் சுமந்து, அதனால் மனைவி மக்களையும் குத்தகையாட்களையும் காத்து, அடைக்கலம் தேடிவந்த பிற கிறிஸ்தவர்களையும் தன் வீட்டில் மறைத்துவைத்தவன் மற்றொருவன். அந்தோனியானுஸ் என்னும் ஆயருக்கு எழுதிய கடிதத்தில் சிப்ரியான் இவ்வாறு பிரித்துக் காட்டுகிறார். அவன் செய்தது பாவமன்று என அவர் சொல்லவில்லை. இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நீதியன்று என்றே சொல்கிறார். நம் பங்குகளில் விலகி நிற்பவர்களைப் பற்றிப் பேசும்போது இந்த அளவு பொறுமையோடு விசாரிப்பவர் எத்தனை பேர்?

போனா என்னும் பெண்மணியின் செய்தியும் அக்கடிதங்களிடையே வருகிறது. அவளைக் கணவனே பலிபீடத்திற்கு இழுத்துச் சென்றான். அவள் கையைப் பிடித்துப் பிறரே பலியிட்டனர். இதைச் செய்தது நானல்ல, நீங்களே செய்தீர்கள் என்று அவள் அங்கேயே கூவினாள்; நாடு கடத்தப்பட்டாள். முதல் முறை வீழ்ந்து, பின்னர் மனம் வருந்தி மீண்டும் அதிகாரிகள் முன் தோன்றி, நாங்கள் கிறிஸ்தவர்களே என்று அறிக்கையிட்டு, உடைமை யாவும் இழந்தவர்களும் இருந்தார்கள்.

சிப்ரியானே அப்போது தலைமறைவாயிருந்து கடிதங்கள் வழியாகவே மந்தையை மேய்த்தார். ஆயர் ஓடிவிட்டார் என்னும் ஏளனம் உரோமை வரை எட்டியது. அவருடைய சொத்துக்கள் பறிமுதலாயின என்பதையும், 258 செப்டம்பர் 14 இல் அவர் தலை கொடுத்து மறைசாட்சியானார் என்பதையும் சேர்த்தே இதை நிறுத்துப் பார்க்க வேண்டும். ஒளிந்திருந்தபோது எழுந்த ஏளனத்தின் நடுவிலும் அவர் ஆயர் பணியைக் கைவிடவில்லை.

கலாபனை தணிந்ததும் வீழ்ந்தவர்கள் திரும்பி வந்தனர். கூட்டங்கூட்டமாக வந்தனர். இப்போதுதான் உண்மையான இடர்ப்பாடு! ஒருபுறம், சிறையில் துன்புற்ற விசுவாச வீரர்கள் பரிந்துரைச் சீட்டுகளை வாரி வழங்கினர். இன்னாரையும் அவர் வீட்டாரையும் சேர்த்துக்கொள்க என்று, எத்தனை பேர் என்ற கணக்கே இல்லாமல் எழுதிய சீட்டுகளும் உண்டு. அவற்றைக் காட்டித் தவமின்றி உடனே நற்கருணை வேண்டும் எனச் சிலர் மிரட்டினர். மறுபுறம், உரோமையில் நொவாசியன் என்னும் கல்விமிக்க குரு, மறுதலித்தவருக்குத் திருச்சபையின் மன்னிப்பு ஒருபோதும் கூடாதென்று பிடிவாதமாய் நின்று, திருத்தந்தை கொர்னேலியுவுக்கு எதிராகத் தன்னையே ஆயராக்கிக்கொண்டு பிரிந்தான். தூய்மையானவர்களின் சபை என்று தங்களை அழைத்துக்கொண்ட அப்பிரிவினர் பல தலைமுறைகள் நீடித்தனர்.

251 இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் இரண்டு வழிகளையும் ஏற்கவில்லை. சான்றிதழ் மட்டும் பெற்றவர்களை, ஒவ்வொருவர் நிலையையும் விசாரித்துத் தவத்திற்குப் பின் சேர்த்துக்கொள்ளலாம். பலியிட்டவர்கள் நீண்ட தவம் செய்ய வேண்டும், மரண ஆபத்தில் மன்னிப்புப் பெறலாம் என்று தீர்மானித்தனர். இரண்டொரு ஆண்டுகளில் புதிய கலாபனை ஒன்று நெருங்குவதாகத் தோன்றியது. சிப்ரியானும் தாம் உலகத்தின் மாலைப்பொழுதில் வாழ்வதாகவே நம்பினார். எதிர்க்கிறிஸ்துவின் காலம் அண்மித்துவிட்டதென்று தம் மக்களுக்கு எழுதினார். அப்படி நம்பிய ஆயர் என்ன செய்தார்? கதவை இறுக்கவில்லை. பலியிட்டவர்களுள் விடாது தவம் செய்துவந்த அனைவரையும் உடனே சேர்த்துக்கொள்ள ஆயர்களைக் கூட்டி முடிவு செய்தார். கிறிஸ்துவுக்காகத் தம் இரத்தத்தைச் சிந்த அழைக்கப்படுகிறவர்களுக்குக் கிறிஸ்துவின் இரத்தத்தை மறுப்பது எப்படி, போருக்குப் போகிறவனை ஆயுதமின்றி அனுப்புவது எப்படி என்பதே அவர்கள் சொன்ன காரணம். கடைசி நாட்களைக் குறித்து நம் வீடுகளில் பேசுவோர் இவ்விடத்தைச் சற்று நின்று படிப்பது நல்லது. முடிவு நெருங்குகிறது என்ற எண்ணம் அவர்களைத் திரும்பி வருவோரிடம் அவசரமாய்ப் போகச் செய்தது.

அலெக்சாந்திரியா ஆயர் தியோனிசியுஸ், நொவாசியன் பக்கம் சாய்ந்திருந்த அந்தியோக்கியா ஆயர் பாபியுஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். எவுசேபியுஸ் தம் திருச்சபை வரலாற்றில் அதைக் காத்துவைத்திருக்கிறார். செராப்பியோன் என்னும் முதியவர் நெடுங்காலம் குற்றமற்று வாழ்ந்தவர், கலாபனையில் பலியிட்டுவிட்டார். பின்னர் பன்முறை மன்றாடியும், பலியிட்டவர் என்பதால் ஒருவரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. நோயில் விழுந்து மூன்று நாள் பேச்சும் நினைவுமின்றிக் கிடந்தார். நான்காம் நாள் சற்றே தெளிந்து, மகள் வயிற்றுப் பேரனை அழைத்து, குருவானவர் ஒருவரைக் கூட்டிவரச் சொன்னார். சொன்னவுடன் மீண்டும் பேச்சற்றுப் போனார். பையன் ஓடினான். இரவு நேரம். குருவானவரும் நோயாளியாய்ப் படுத்திருந்தார்; வர இயலவில்லை. ஆயினும் மரணத் தறுவாயில் கேட்பவருக்கு, அதிலும் முன்பே மன்றாடி வந்தவருக்கு, மன்னிப்பு அளிக்க வேண்டும் என்று ஆயர் ஆணையிட்டிருந்தார். ஆகவே நற்கருணையில் சிறு துண்டைப் பையன் கையில் கொடுத்து, நனைத்து முதியவர் வாயில் இடும்படி சொல்லி அனுப்பினார். பையன் வீட்டுக்குள் நுழையுமுன்னரே கிழவர் கண்விழித்து, குருவால் வர இயலாவிட்டாலும் அவர் சொன்னதை நீ விரைந்து செய் என்றார். பையன் அவ்வாறே செய்தான். அதை விழுங்கியவுடன் அவர் உயிர் பிரிந்தது. இந்த மன்னிப்புக்காகவே அவர் உயிர் காக்கப்பட்டிருந்தது அன்றோ என்று தியோனிசியுஸ் கேட்கிறார்.

அந்த ஆணை அவ்வூரோடு நிற்கவில்லை. 325 இல் நிசேயா பொதுச்சங்கம் தன் 13 ஆம் விதியில், மரணத் தறுவாயிலுள்ளவருக்கு இறுதி வழித்துணையாகிய நற்கருணையை மறுக்கலாகாது என்பது பழைய சட்டம் என்றே குறிப்பிட்டது. 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 976 ஆம் விதியில் இன்னும் ஒரு படி மேலே போகிறது: மரண ஆபத்திலுள்ள எவருக்கும் எந்தக் குருவும், பாவசங்கீர்த்தனம் கேட்க அதிகாரம் பெறாதவராயினும், எந்தப் பாவத்தினின்றும் செல்லத்தக்க மன்னிப்பு அளிக்கலாம். எத்தனை ஆண்டுகள் கோயிலுக்கு வரவில்லை, சந்தா பாக்கி எவ்வளவு, திருமணம் எங்கே நடந்தது என்ற கேள்விகள் அந்த மன்னிப்புக்கு முன்நிபந்தனைகள் அல்ல. இதை அறியாமல், இவ்வளவு காலம் போகாதவருக்குச் சாமியார் எப்படி வருவார் என்று வெட்கப்பட்டு வீட்டார் சும்மா இருந்துவிடுகின்றனர். இன்னும் சில வீடுகளில், குருவானவரைக் கண்டால் நோயாளி பயந்துவிடுவார் என்று கருதி, மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகே ஆள் அனுப்புகின்றனர். அந்நேரம் வருகிற குரு தைலம் பூச முடியும். ஆனால் நோயாளி தம் வாயால் பேச நினைத்ததைக் கேட்க முடியாது. விலகி நின்ற ஒருவர் உங்கள் வீட்டில் நோயுற்றிருந்தால், அவருக்கு நினைவும் நாவும் இருக்கும்போதே, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பங்குக் குருவுக்குச் செய்தி அனுப்புங்கள். பகலா இரவா என்று பார்க்க வேண்டியதில்லை.